ஓய்விலும் அரைப்பேரா?

மலைநாட்டுத் தொழிலாளிக்கு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் உபதேசத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் உபதேசம். மது அருந்தினால் உபதேசம். திருவிழாவுக்குக் காசு செலவிட்டால் உபதேசம். பிள்ளைக்குப் புத்தாடை எடுத்தாலும் உபதேசம். அந்தப் பட்டியலிலே இன்னொன்றும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவன் கொலைக் கதை படிக்கிறானாம்! வேலைவிட்டு வந்து, முகம் கழுவி, காம்பராவின் வாசற்படியிலே அமர்ந்து, அட்டை பிய்ந்துபோன மாத நாவல் ஒன்றைக் கையிலெடுத்து, செத்தவன் யார், கொன்றவன் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறானாம். இப்படியிருந்தால் இந்தச் சமூகம் உருப்படுமா என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் பகைவர்களாயிருந்தால் நாம் இந்தப் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். கேட்பவர்கள் நம்மவர்கள். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் கேட்கிறார். தொழிற்சங்கப் பிரதிநிதி கேட்கிறார். லயத்திலே பிறந்து, படித்துப் பட்டம் பெற்று, விடுமுறைக்கு ஹட்டன் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் சட்டத்தரணியும் கேட்கிறார். அவர்களுடைய வாதம் கேட்பதற்கு இனிமையானதுதான். பின்தங்கிய சமூகம் நாம். ஒவ்வொரு நிமிடமும் நமக்குப் பொன். படிப்பதானால் வரலாற்றைப் படி, சட்டத்தைப் படி, பரீட்சைக்குப் படி. வெறும் பொழுதுபோக்குக்காகப் படிப்பது நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்கிறார்கள்.

இந்த வாதத்தை நாம் மறுக்கிறோம். அரைகுறையாக அன்று, முற்றாகவே மறுக்கிறோம்.

வடக்கிலும் கிழக்கிலும் வயல் செய்யும் வாசகர்களுக்கும், நகரத்து அலுவலகங்களிலே பணிபுரியும் வாசகர்களுக்கும் இங்கே ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்பது கணக்கு. விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மலையில் நின்று, குறித்த நிறை கொழுந்து கொடுத்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழை பெய்ததா, மலை காய்ந்து கிடந்ததா, அட்டை கடித்துக் கால் வீங்கியதா என்ற கேள்விகளெல்லாம் அங்கே எடுபடா. நாள் முழுதும் நின்றவளுக்குப் பாதி நாள்தான் நின்றாள் என்று எழுதிவிடும் கணக்கு அது. இந்தக் கொடுமைக்கு எதிராகச் சங்கங்கள் பேசாத மேடையில்லை. ஆனால் அந்தச் சங்கத்துத் தலைவரும் ஆசிரியரும் சேர்ந்து இன்று என்ன செய்கிறார்கள்? மாலை ஆறு மணிக்குப் பிறகும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 'நேற்று என்ன படித்தாய்? அதனால் என்ன பயன்? பயனில்லையா? அரைப்பேர்!' என்கிறார்கள். உழைப்பிலே போட்ட அரைப்பேர் போதாதென்று ஓய்விலும் அரைப்பேர் போட இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

எட்டு மணிநேர வேலைக்காக உலகத் தொழிலாளர் போராடிய காலத்தில் அவர்கள் எழுப்பிய முழக்கத்துக்கு மூன்று பகுதிகள் இருந்தன. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தன் விருப்பம். 1886இல் சிக்காகோவிலே இரத்தம் சிந்தியது இந்த மூன்றுக்குமாகத்தான். மூன்றாவது எட்டு மணியை எவரிடமும் கணக்கொப்புவிக்க வேண்டியதில்லை என்பதே அதன் உயிர். மே தினத்தில் அந்த முழக்கத்தை ஒலிபெருக்கியிலே போட்டுவிட்டு, மறுநாள் தொழிலாளியின் கையிலுள்ள புத்தகத்தைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த ஊர் நியாயம்?

நுவரெலியாவிலே ஹில் கிளப் என்றொரு மாளிகை இருக்கிறது. 1876இல் தோட்டத் துரைமார்களின் கேளிக்கைக்காகத் தோன்றிய அந்தக் கழகத்துக்குள் நம்மவர் நெடுங்காலம் பரிமாறும் தட்டோடு மட்டுமே நுழைய முடிந்தது. அங்கே கணப்படுப்பு உண்டு, பில்லியர்ட்ஸ் மேசை உண்டு, புத்தக அறையும் உண்டு. அந்த அறையின் சாய்வு நாற்காலியிலே அமர்ந்து ஒரு வெள்ளைக்காரத் துரை, கையில் விஸ்கியும் மடியில் கொலைக் கதையுமாகப் பொழுதைக் கழித்தால், அவன் நாகரிகமானவன். நாள் முழுதும் நிர்வாகம் செய்து களைத்த மூளைக்கு ஓய்வு தருகிறான் என்று உலகம் சொன்னது. இலண்டனிலே கிறிஸ்டி அம்மையாரின் புதிய நாவலுக்கு அமைச்சரும் நீதிபதியும் பேராசிரியரும் காத்திருந்ததை எவரும் இழிவென்று சொல்லவில்லை. அதே கதையைத் தமிழிலே மலிவான தாளில் அச்சடித்து, நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவன் படித்தால் மட்டும் சமூகம் சீரழிந்துவிடுமா? துரையின் மூளைக்குத்தான் களைப்பு வருமா? கவ்வாத்துக் கத்தி பிடிப்பவனுக்கு மூளையும் இல்லை, களைப்பும் இல்லையா?

இனி, நம் உபதேசியார்களுக்குச் சிறிது சங்கடமான ஒரு செய்தியைச் சொல்கிறோம். மலைநாட்டிலே தொழிற்சங்கத்துக்கு வித்திட்டவர் யார் என்று கேட்டால், எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: கோ. நடேசய்யர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர். தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகைகள் நடத்தியவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் கண்டு, ஹட்டனை அதன் களமாக்கியவர். 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலே அமர்ந்து, துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்தவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டாலே தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர். இவர்களைவிடத் தொழிலாளியின் முன்னேற்றத்தில் அக்கறை கொண்டவர் என்று எந்த இன்றைய தலைவரும் மார்தட்ட முடியாது.

அந்த நடேசய்யர் 1920களில் ஒரு கதை எழுதினார். அதன் தலைப்பு 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. ஆம் ஐயா, துப்பறியும் கதைதான்! மலைநாட்டு நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே நின்று பேசவேண்டிய பெயர் அது. தொழிற்சட்டத்தைத் தமிழிலே விளக்கி நூல் எழுதிய அதே கைதான் துப்பறியும் கதையையும் எழுதிற்று. ஒன்றை எழுதிய பாவத்துக்கு மற்றொன்று பிராயச்சித்தம் என்று அவர் கருதியதாக எங்கும் காணோம்.

தலைப்பைப் பார்த்ததும் ஆங்கிலம் பயின்ற வாசகர்களுக்கு ஓர்சி சீமாட்டியின் கிழவர் நினைவுக்கு வந்திருப்பார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அம்மையார் படைத்த விசித்திரமான துப்பறிவாளர் அவர். கொலை நடந்த இடத்துக்கு ஓடுவதில்லை. பூதக்கண்ணாடி பிடித்துக் காலடித் தடம் பார்ப்பதில்லை. ஒரு மூலையிலே உட்கார்ந்து, கையிலுள்ள கயிற்றுத் துண்டிலே முடிச்சுகளைப் போட்டும் அவிழ்த்தும், பத்திரிகைச் செய்தியை வைத்தே பொலிசார் திகைக்கும் வழக்கை எதிரிலிருக்கும் இளம் நிருபரான பெண்ணுக்கு விடுவித்துக் காட்டுவார். அவர் குந்தியிருக்கும் மூலை எது தெரியுமா? இலண்டனிலே ஒரு தேநீர்க் கடை! 1867இல் லூல்கந்துரையிலே நம்மவர் கையால் நட்டு வளர்ந்த தேயிலை, பெட்டி பெட்டியாகக் கப்பலேறி எந்த நகரத்துக்குப் போயிற்றோ, அந்த நகரத்துத் தேநீர்க் கடை. பறித்தவனுக்கும் பருகியவனுக்கும் இடையே இருந்தது ஏழு கடல் என்றால், ஒரு கதை அந்தக் கடலை இப்படித் தாண்டி வந்தது.

நடேசய்யரின் வாழ்க்கையிலேயே ஒரு துப்பறியும் கதை இருக்கிறது என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்நாளில் தோட்டம் என்பது துரையின் தனி அரசு. வெளியார் உள்ளே கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளியின் நிலையை நேரிலே காண விரும்பிய நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு, மூட்டையைச் சுமந்து, லயம் லயமாகப் போனார். வேடமிட்டுப் போய் உண்மையைக் கண்டறிந்து வந்து ஊரறியச் சொல்வது நாவல்களிலே துப்பறிவாளன் செய்யும் வேலை. அதை வாழ்க்கையிலே செய்த மனிதர், கதையிலும் அதை விரும்பினார் என்பதிலே வியப்பென்ன?

இந்த வகைக் கதை தமிழுக்கு நேற்று வந்ததன்று. பண்டிதர் நடேச சாஸ்திரியார் 'தானவன்' கதையை வெளியிட்டது 1894இல். நாட்டார் கதைகளைத் தேடித் தொகுத்த அறிஞர் அவர். பொழுதுபோக்குக் கதை எழுதியதால் அவருடைய புலமை குறைந்துவிடவில்லை. ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பா'ளை எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் 'மேனகா'வை எழுதினார். இரண்டும் 1935இல் படமாகவும் வந்தன. தேவனின் சாம்பு, துப்பறியத் தெரியாமலே துப்பறிந்து நாட்டைச் சிரிக்கவைத்தான். தமிழ்வாணனின் சங்கர்லாலோ நம் மலைக்கு மிகவும் வேண்டியவர். தேநீர்க் கோப்பை கையில் இல்லாமல் அவருக்குத் துப்புத் துலங்குவதில்லை! அவர் குடித்த கோப்பைகளைக் கூட்டிப் பார்த்தால், தேயிலைச் சபை அவருக்கு ஒரு பொற்பதக்கம் வழங்கியிருக்க வேண்டும். பின்னர் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள்; ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களோடு கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் வந்தார். இவற்றை இன்று கண்டிக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தங்கள் மாணவப் பருவத்தில் பாடப்புத்தகத்துக்கு நடுவே எதை ஒளித்துவைத்துப் படித்தார்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை. அவர்களே அறிவார்கள்.

கதையிலே கொலை வருவது அப்படியொரு புதுமையா? மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடும் மலை இது. பொன்னர் சங்கர் கதையை விடிய விடியக் கேட்ட மக்கள் இவர்கள். பொன்னர் சங்கரிலே எத்தனை வெட்டு, எத்தனை குத்து! நல்லதங்காள் தன் பிள்ளைகள் ஏழுபேரையும் கிணற்றிலே தள்ளியதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள், கேட்டு முடித்ததும் கிணற்றைத் தேடிப் போனார்களா? வயல் அறுவடை முடிந்தபின் விடிய விடியக் கூத்துப் பார்க்கும் நம் உழவனை நோக்கி, 'இதனால் உன் விளைச்சல் எத்தனை புசல் கூடிற்று?' என்று கேட்கும் துணிவு இவர்களுக்கு உண்டா? கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். தோட்டத் தொழிலாளியிடம் மட்டுந்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிகிறார்கள்.

இந்தக் கதைகளுக்காக வாதாட வரும் நண்பர்கள் சிலர் வேறொரு குழியிலே விழுகிறார்கள். 'துப்பறியும் கதை அறிவைக் கூர்மையாக்கும். ஆதாரம் கேட்கும் பழக்கத்தைத் தரும். பரீட்சைக்கும் உதவும்' என்று சொல்லி அதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வாங்கித்தரப் பார்க்கிறார்கள். நமக்கு அந்தப் பத்திரம் வேண்டாம். அப்படி வாதாடும்போதே, பயன் இருந்தால்தான் தொழிலாளி படிக்கலாம் என்ற எதிரியின் சட்டத்தை ஒப்புக்கொண்டவர்களாகிறோம். படித்தவன் கூர்மையடையலாம், அடையாமலும் போகலாம். பத்துக் கதை படித்தும் ஒவ்வொரு முறையும் தவறான ஆளையே சந்தேகிக்கிறவன் உண்டு. அவனுக்கும் இன்பம் குறைவில்லை. படித்தான், மகிழ்ந்தான், விளக்கை அணைத்துத் தூங்கினான். அவ்வளவே. அதற்குமேல் கேட்க நாம் யார்?

மேல்நாட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. 1945இல் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர், துப்பறியும் கதை வீண் என்று கடுமையாகத் தாக்கி எழுதினார். கிறிஸ்டி அம்மையாரின் 1926ஆம் ஆண்டு நாவலின் பெயரையே தம் கட்டுரைத் தலைப்பிலே இழுத்துவைத்து ஏளனம் செய்தார். மூன்றாண்டு கழித்து ஓடன் என்ற பெருங்கவிஞர், தாம் இக்கதைகளுக்கு அடிமை என்று வெளிப்படையாகவே எழுதினார். பேரறிஞர் பெர்ட்ரண்ட் ரசல், கணிதத்தின் அடித்தளத்தையே ஆராய்ந்தவர், போருக்கெதிராகச் சிறை சென்றவர், துப்பறியும் கதைகளை விரும்பிப் படித்தார். பொதுவுடைமைக் கவிஞர் பிரெக்ட்டும் அப்படியே. ரசலின் பெயரைப் பகுத்தறிவு மேடைகளிலே முழங்குகிற நம் தோழர்கள், அவர் மாலையிலே எதைப் படித்தார் என்பதையும் சேர்த்து முழங்கினால் நன்று.

எனினும் எதிர்த்தரப்பிலே ஒரு வாதம் உண்டு; அதற்கு நாம் தலைவணங்கியே விடை சொல்லவேண்டும். 'இந்த மண்ணிலே உண்மையான இரத்தம் சிந்தியிருக்கிறது. அதன்மேல் அமர்ந்து கொலையை விளையாட்டாகப் படிப்பது தகுமா?' என்று கேட்கிறார்கள்.

இரத்தம் சிந்தியது உண்மை. 1940 ஜனவரி 10ஆம் நாள், கண்டி மாவட்டம் முல்லோயாத் தோட்டத்திலே, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரிடையே கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அதன் எதிரொலியாக எழுந்த சச்சரவு அமைச்சர் குழுவையே பதவி விலகச் செய்தது. அடுத்த ஆண்டே புசல்லாவை ஸ்டெலன்பர்க் தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். இரு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டனர். கோவிந்தனைச் சுட்டதற்காக எவரும் தூக்குமேடை ஏறவில்லை. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்திலே 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திலே பொலிஸ் சுட்டது; சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் மாண்டார்.

இந்தச் சாவுகளிலே மர்மம் எங்கே இருக்கிறது? சுட்டது யார் என்று அன்றே அறியாதவர் எவர்? எந்தச் சங்கர்லாலும் வந்து கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. துப்பறியும் கதையிலே உண்மை கடைசிப் பக்கம்வரை மறைந்திருக்கும். ஆனால் கடைசிப் பக்கத்திலே, எல்லோரையும் ஒரே கூடத்திலே உட்காரவைத்து, 'இவரே குற்றவாளி' என்று ஒருவர் விரல் நீட்டுவார். குற்றவாளி செல்வந்தனாயினும் விரல் மடங்காது. தோட்டத்திலோ உண்மை முதற்பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. விரல் நீட்டுகிற அந்தக் கூடத்தைத்தான் நம்மவர் கண்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் காகிதத்திலாவது அதைக் கண்டு மகிழ்வதை எவர் குற்றமென்பார்? கோவிந்தனின் சாவையும் நாவலிலே விழும் காகிதப் பிணத்தையும் ஒன்றென்று மயங்குகிறவன் மலைநாட்டிலே ஒருவனும் இல்லை. மயக்கம் உபதேசியார்களுக்குத்தான். சிவனு லெட்சுமணனின் நினைவு நாளிலே கூட்டத்துக்கு வருகிறவன், மறுநாள் மாலை ராஜேஷ்குமாரைப் படித்தால், முதல்நாள் சிந்திய கண்ணீர் பொய்யாகிவிடுமா?

கிறிஸ்டி அம்மையாரின் 1953ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலே, ஒரு பெருஞ்செல்வர் தம் அலுவலகத்திலே காலைத் தேநீர் பருகியதும் துடிதுடித்துச் சாகிறார். எல்லோரும் தேநீரைச் சந்தேகிக்கிறார்கள். தேநீர் கொடுத்த பெண்ணைச் சந்தேகிக்கிறார்கள். நஞ்சோ அவர் வீட்டிலே உண்ட பழப்பாகிலே இருந்திருக்கிறது. தேநீர் நிரபராதி! தேயிலைக்கு வரும் பழிகளையெல்லாம் சுமந்து பழகிய மலைநாட்டு வாசகன் இந்த இடத்தில் புன்னகை செய்தால், அந்தப் புன்னகைக்கும் நாம் பொழிப்புரை எழுதத் தேவையில்லை.

மலிந்த நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குப்பை இல்லையா என்றால், உண்டு, ஏராளமாகவே உண்டு. பெண்ணுடலைத் துண்டு துண்டாக வருணிப்பதற்குக் கொலையை ஒரு சாட்டாகக் கொள்ளும் நாவல்களை நாமும் வெறுக்கிறோம். திருடன் என்றால் வேலைக்காரன், கொலைகாரன் என்றால் சேரிக்காரன் என்று எழுதும் பேனாக்களை அதைவிட வெறுக்கிறோம். அவற்றைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். இன்னது நன்று, இன்னது தீது என்று வாசகனோடு வாசகனாக நின்று வாதாடுங்கள். நெல்லிலே பதர் உண்டு என்பதற்காக எந்த உழவனும் களத்துக்குத் தீ வைப்பதில்லை.

முன்பும் ஒருமுறை இவ்வாறு நேர்ந்தது. தமிழகத்து மலிவுச் சஞ்சிகைகள் ஈழத்து எழுத்தை நசுக்குகின்றன என்று நம் முற்போக்கு எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வந்தது. அதனால் ஈழத்து எழுத்தாளனுக்கு நன்மை விளைந்தது. வீரகேசரி பிரசுரமாக நாவல்கள் அடுத்தடுத்து வந்தன. அதை மறுப்பவர் நன்றி கெட்டவர். ஆனால் அந்த வெற்றி எதனால் நிலைத்தது? வாசகனைத் தண்டித்ததனால் அன்று. அவன் விரும்பிப் படிக்கும்படி எழுதியதனால். அந்த வரிசையிலே மர்மமும் திகிலும் கலந்த கதைகளும் இருந்தன என்பதை இன்றைய உபதேசியார்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பெண்களின் செய்தி இன்னும் கொடிது. நாள் முழுதும் கூடையைச் சுமந்தவள், வீடு திரும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறூட்டி, பாத்திரம் கழுவி முடிக்கையில் இரவு ஒன்பது. அதற்குப் பிறகு அவள் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தால் மாமியாருக்குப் பொறுக்கவில்லை, கணவனுக்குப் பொறுக்கவில்லை, வயதுவந்த பெண்ணாயின் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஆண் படித்தால் பொழுது வீண், பெண் படித்தால் குடும்பம் வீண் என்று இரட்டைச் சட்டம். அவளுடைய அரை மணிநேரத்துக்கும் நாம் பரிந்து பேசுகிறோம். அதையே முதன்மையாகப் பேசுகிறோம்.

இனி, உபதேசத்தை விட்டுச் செய்யவேண்டியதைப் பேசுவோம். 'வரலாறு படி, சட்டம் படி' என்கிறீர்களே, எங்கே படிப்பது? நாட்டிலே பொது நூல்நிலையங்களைப் பெரும்பாலும் நடத்துவன உள்ளூராட்சி மன்றங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, அதன் 33ஆம் பிரிவாலே, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம். உறுப்பினரையும் தவிசாளரையும் தெரிவு செய்யலாம். ஆனால் அந்தச் சபையின் காசிலே அவர்களுடைய லயத்துக்குப் பாதை போட முடியாது, விளக்குப் போட முடியாது, வாசிகசாலை கட்ட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு! அந்த முப்பத்தோராண்டிலே பிறந்து வளர்ந்து, பிள்ளையும் பெற்ற ஒரு தலைமுறையைப் பார்த்து 'நல்ல நூல் ஏன் படிக்கவில்லை?' என்று கேட்பதற்கு நாக்கு கூசவேண்டாமா? அவர்களுக்குக் கிடைத்தது நகரத்துக் கடையிலே வாங்கி, கைமாறி, காம்பராவுக்குக் காம்பரா போய்வந்த பழைய மாத நாவல்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்த பழக்கம் கைவிட்டுப் போகாமல் காத்தது எது என்று எண்ணிப் பார்த்தீர்களா? இல்லை, அதையும் பயனென்று சொல்லப் புகுந்தால் நாமே சொன்ன விதியை நாமே மீறியவர்களாவோம். விடுவோம்.

அதே 2018இல் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவையும் சேர்ந்து ஆறாயின. சட்டத்தின் தடை நீங்கிற்று. சபைகளும் மக்களுக்கு அருகே வந்தன. இனிச் சாட்டுச் சொல்ல இடமில்லை. இந்தச் சபைகளின் உறுப்பினர்களுக்கு எமது கோரிக்கை வெளிப்படையானது. தோட்டப் பிரிவுதோறும் ஒரு வாசிகசாலை வேண்டும். மாலை மரியாதையோடு திறந்து, புகைப்படம் எடுத்து, மறுநாளே பூட்டுப் போடும் வாசிகசாலை வேண்டாம். அப்படிப்பட்டவை போதிய அளவு உண்டு. நூல் வாங்கும் குழுவிலே ஆசிரியரும் அலுவலரும் மட்டும் அமர்ந்து தமக்குப் பிடித்த அறநூல்களாலே அலுமாரியை நிரப்பக் கூடாது. கொழுந்து பறிப்பவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் அதிலே இருக்கவேண்டும். தலைவர்களின் வாழ்க்கை வரலாறு ஒரு தட்டிலே இருக்கட்டும். சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களும் தெளிவத்தை ஜோசப்பின் நூல்களும் கட்டாயம் இருக்கட்டும். அவற்றின் பக்கத்திலேயே, தாழ்ந்த தட்டிலே அன்று, கைக்கெட்டும் உயரத்திலே, சாம்புவும் சங்கர்லாலும் கணேஷ் வசந்தும் இருக்கவேண்டும். நடேசய்யரின் 'மூலையில் குந்திய முதியோ'னை மீண்டும் அச்சேற்றி அதே தட்டிலே வைப்பதைத் தொழிற்சங்கங்கள் பொறுப்பேற்றுச் செய்யவேண்டும். அவர் பெயரால் ஆண்டுக்கொரு கூட்டம் நடத்தும் செலவிலே ஒரு பங்கு போதும்.

இன்னொன்று. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும் நூல்நிலையம் மலைமேல் நிற்பவளுக்கு எதற்கு? வாசிகசாலையை மாலை ஐந்தரைக்குத் திறவுங்கள். இரவு எட்டரைவரை விளக்கெரியட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் திறந்திருக்கட்டும். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள். என்ன படித்தாய் என்று பதிவேட்டிலே எழுதிக்கொள்ளுங்கள். ஏன் படித்தாய் என்ற கட்டம் மட்டும் அதிலே இருக்கவேண்டாம்.